மேல் வரிசை ரிலேக்கள்

சோப்புத் தொழிற்சாலையில் தாள் சுற்றும் வரிசை காலையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனாலேயே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நினைத்த நேரத்தில் நின்று ஆட்டம் காட்டிக்கொண்டிருந்த வரிசை அது. அதைப் பார்க்கவென்று அவளும் தம்பியும் வேனில் இடிபட்டு வந்து இறங்கியதும், பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி வந்த நாளில் பிள்ளைகள் இருப்பதுபோல அடக்க ஒடுக்கமாக ஓடத் தொடங்கிவிட்டது. பச்சைச் சோப்புக் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, தாளுக்குள் புகுந்தன, மடிப்பு வாங்கிக்கொண்டு பெட்டியில் விழுந்தன. கோளாறு தலைகாட்டினால்தானே அதைப் பிடிக்க முடியும்? அவள் பேனலுக்கு முன்னால் நின்றாள், போய் உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சோப்பு வாசனை மூக்கில் ஏறித் தும்மல் முட்டியது. தும்மவும் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வரிசை நின்று தொலைத்தால், எந்த விளக்கு முதலில் அணைந்தது என்று பார்க்க முடியாமல் போகுமே.

"உக்காருக்கா. நீ நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது," என்றான் தரையில் சம்மணம் போட்டிருந்த தம்பி.

"நீ உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் ஊரே பாக்குதே. நான் வேற பாக்கணுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் ஓயாமல் விரல்களுக்கிடையே உருண்டுகொண்டே இருந்தது.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர்களுடைய மூத்த அக்காவின் கணவர், அதாவது அத்தான், கட்டுப்பாட்டுப் பேனல்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அலமாரி மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் வயர்கள், சுவிட்சுகள், ஒரு சின்னக் கணினி. இயந்திரம் எப்போது ஓடலாம், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் தீர்ப்பு. பட்டறையில் வயர் இழுத்து முறுக்குவது தம்பி. முடிந்த பேனலைச் சோதித்து அனுப்புவது அவள். பொருள் வாங்கிப் போடுவது மூத்த அக்கா. வீட்டுச் சண்டை பட்டறைக்கும் பட்டறைச் சண்டை வீட்டுக்கும் தாராளமாகப் போய்வரும்.

தம்பிக்கு அங்கே 'லூசு' என்று பெயர். வந்த புதிதில் ஒரு திருகாணியைச் சரியாக முறுக்காமல் விட்டு, வயர் கழன்று, ஓர் அரவை மில் பாதி நாள் சும்மா கிடந்தது. அன்று அத்தான் வைத்த பெயர். அதன் பிறகு அவன் முறுக்கிய திருகாணியைக் கழற்ற வேண்டுமென்றால் அவனையே கூப்பிட வேண்டியிருந்தது. ஆனாலும் பெயர் கழலவில்லை. சோப்புத் தொழிற்சாலைப் பேனல் தகராறு செய்கிறது என்று போன் வந்ததும், அத்தான் யோசிக்கவே இல்லை.

"தட்டினா ஓடுதாம். தட்டினா ஓடுற கோளாறுக்கு லூஸ் கனெக்‌ஷன்னு பேரு. வயர் முறுக்கினவனுக்கும் அதான் பேரு," என்று அவளிடம் சொன்னார். "இந்தத் தடவை உங்க அக்கா மூஞ்சியப் பாக்க மாட்டேன். லூஸ் வயர்தான்னு ஆச்சுன்னா, திங்கக்கிழமையிலேருந்து அவன் வேற இடம் பாத்துக்கட்டும். நீயே போயி உன் கண்ணால பாத்துட்டுச் சொல்லு. மத்தியானம் நானும் வர்றேன்."

வேறு இடம் என்று ஒன்று தம்பிக்கு இல்லை. இதற்கு முன்னால் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் அவனைக் கைகழுவிவிட்டார்கள். இங்கேதான் முதல்முறையாகக் காலூன்றி நிற்கிறான். அந்தக் காலைத் தட்டிவிடும் வேலை தன் வாயில் வந்து நிற்கிறதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

தட்டினால் ஓடுகிறது என்பது பொய்யில்லை. பேனல் கதவில் இடுப்பு உயரத்தில் ஓரிடம் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப் போயிருந்தது.

"அங்க தட்டினாத்தான் கேக்கும்," என்றாள் பெட்டியில் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண். "எங்க வீட்டுக்காரரு மாதிரி. வேற எங்க தட்டினாலும் காதுல விழாது."

"ஏம்மா, பேனலக் குறை சொல்றியா, புருஷனக் குறை சொல்றியா?" என்றார் ஃபோர்மேன். குள்ளமான மனிதர், காதில் பென்சில். அவள் பக்கம் திரும்பி, "நல்லா ஓடுற மாதிரி பாவ்லா காட்டும், தாயி. நீங்க வாசலத் தாண்டினதும் நிக்கும் பாருங்க," என்றார்.

வாசல்வரைக்கும் அது காத்திருக்கவில்லை. அவர் வாய் மூடுவதற்குள் பெல்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்த சோப்புகள் முன்னால் நின்றவற்றின்மேல் ஏறிப் புரண்டன. ஃபோர்மேனின் கை பழக்கதோஷத்தில் கதவை நோக்கிப் போயிற்று.

"தட்டாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டுவிட்டார்.

பேனலுக்குள் இரண்டு வரிசையாக ரிலேக்கள் நின்றன. தீப்பெட்டியைப் பாதியாக நறுக்கி நிமிர்த்தியதுபோல ஒல்லியானவை. அடியில் ஆளுக்கொரு சாக்கெட், பிடுங்கலாம், செருகலாம். இயந்திரத்துக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் தரகர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேல் வரிசை, இயந்திரம் சொல்வதைக் கணினியின் காதில் போடும்: கதவு மூடியிருக்கிறது, தாள் இருக்கிறது, சோப்பு வந்துவிட்டது. கீழ் வரிசை, கணினி ஏவுவதை இயந்திரத்திடம் செய்து முடிக்கும்: மோட்டாரை ஓட்டு, கத்தியை இறக்கு. சேதி வந்ததும் ரிலேயின் தலையில் ஒரு குட்டி விளக்கு எரியும். உள்ளே இரண்டு உலோக முனைகள் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதல் வழியாகத்தான் சேதி அடுத்த பக்கம் போக வேண்டும்.

அவள் பார்த்தாள். 'தாள் இருக்கிறது' ரிலேயின் விளக்கு எரிந்தது. ஆனால் கணினியில் அதற்கான விளக்கு அணைந்து கிடந்தது. தாள் கண்ணெதிரே சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருக்க, தாள் இல்லை என்று கணினி சாதித்தது.

"வயர இழுத்துப் பாரு," என்றாள் தம்பியிடம்.

அவன் வந்து நுனி விரலால் இல்லை, முழுக்கையால் பிடித்து இழுத்தான். வயர் அசைந்து கொடுக்கவில்லை. ஃபோர்மேன் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இத உருவணும்னா பேனலோட சேத்துத்தான் வரும் போல," என்றார். அந்த இழுப்பில் பெட்டி லேசாக ஆடியது. உடனே கணினியின் விளக்கு எரிந்தது, பெல்ட் ஓடியது. சோப்பு அடுக்கும் பெண் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு வரிசை தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது. நிற்பதும் ஓடுவதுமாக. ஒருமுறை கதவு ரிலே, ஒருமுறை சோப்பு ரிலே, மறுபடி தாள். எல்லாம் மேல் வரிசை. கீழ் வரிசை ஒருதடவைகூட ஏமாற்றவில்லை. அவள் நகத்தைக் கடித்தாள். இரண்டு வரிசைக்கும் வயர் முறுக்கியது ஒரே கைதான். அந்தக் கையில் கோளாறு என்றால் கீழேயும் தெரிய வேண்டாமா?

"சார், உங்ககிட்ட மாத்து ரிலே இருக்கா?"

ஃபோர்மேன் இழுப்பறையிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்தார். பேனல் வாங்கும்போது கூடவே கேட்டு வாங்கியவை, உறைகூடப் பிரிக்காதவை. தாள் ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகினாள். அதன் பிறகு மற்றவை மாற்றி மாற்றி மக்கர் செய்தன, தாள் ரிலே மட்டும் வாயைத் திறக்கவில்லை. சோப்பு ரிலேயையும் மாற்றினாள். அதுவும் அடங்கிவிட்டது.

தம்பி பழைய ரிலேயின் மூடியைப் பிளேடால் நெம்பித் திறந்தான். புதியதில் ஒன்றையும் திறந்து, போன் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். புதியதன் முனை மஞ்சளாக மினுங்கியது. பழையதில் மினுக்கம் இல்லை. நடுவே பொட்டு வைத்ததுபோல ஒரு கருகல், சுற்றிலும் சாம்பல் நிறம்.

"எரிஞ்சிருக்குக்கா! சரக்கு மோசம்! என் வயர் இல்ல!" அவன் முகம் விரிந்தது. அவள் பதில் சொல்வதற்குள் அத்தானுக்குப் போன் போட்டுவிட்டான். அந்தப் பக்கம் அத்தான் சத்தமாகச் சிரித்தது அவளுக்கும் கேட்டது. "தப்பிச்சடா லூசு! நான் வரும்போதே ஒரு பெட்டி ரிலே எடுத்துட்டு வர்றேன்!"

அவளுக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. இத்தனை சின்ன சேதி கொண்டுபோகிற முனை எப்படிக் கருகும்? அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சோப்பு பேனலுக்கு மேல் வரிசையில என்ன ரிலே வாங்கின?"

"ஏன், டிசைன் போட்டவரு கேட்டதத்தான். மேல தங்க முலாம் பூசினது, கீழ சாதா. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், நம்பரோட வால் மட்டும் வேற."

"தங்கமா? எதுக்கு?"

"மேல போறது ரொம்பப் பொடி கரென்ட்டாம்டி. சாதா முனையில லேசா அழுக்கு ஏறினாக்கூட அதத் தாண்டிப் போக அதுக்குத் தெம்பு இல்லையாம். தங்கத்துல அழுக்குப் பிடிக்காதாம். இதுவரைக்கும் நாம போட்டதில்ல, இந்த மாதிரிப் பேனல்லதான் முதல்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கழுத்துல போட்டுக்கப் போறியா?"

அக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். இவள் போனை அணைத்துவிட்டுக் கருகிய முனையை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

பட்டறையில் அவளைப் 'பல்பக்கா' என்பார்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொகுதி ரிலேக்கள் வந்தன. 'கிளிக்' என்று சத்தம் கேட்டது, தலையில் விளக்கு எரிந்தது, ஆனால் முனை ஒட்டவில்லை. அவள் அதை நம்பி அனுப்பி, திரும்பி வந்து, பட்ட அவமானம் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரிலேயின் முனை வழியாகவும் மின்சாரத்தைச் செலுத்தி நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை ஏற்றிப் பார்க்காமல் பேனலில் செருக மாட்டாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, அவளாகவே பிடித்துக்கொண்ட பழக்கம். அத்தானுக்கு அதில் அவ்வளவு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ரிலே ஒவ்வொண்ணும் பல்பு எரிச்சுப் பாத்ததுங்க, வேற யாரு இப்படிப் பண்றாங்க?" என்பார்.

சாதா முனைக்குப் பல்பு ஒரு பொருட்டில்லை. மோட்டாருக்கு ஏவல் சொல்கிற முனை அது. ஆனால் தங்கப் பூச்சு என்பது கண்ணாடியில் மூச்சு பட்டுப் படிந்த ஆவி மாதிரி மெல்லியது. குண்டு பல்பு எரியத் தொடங்கும்போது இழுக்கும் இழுப்பில் முனையில் பொறி பறக்கும். அந்தப் பொறியில் பூச்சு போயிருக்கும். தங்கம் போன முனையில் பொடி சேதி தடுக்கி விழுந்திருக்கிறது. பெட்டியைத் தட்டினால் முனைகள் ஒன்றையொன்று உரசி, அழுக்கு விலகி, கொஞ்ச நேரம் வழி கிடைத்திருக்கிறது.

அவள் ஒன்றையும் விடாமல் பல்பு எரித்துப் பார்த்திருந்தாள். மேல் வரிசையில் ஒன்றைக்கூட விடவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன? தம்பி தப்பித்துவிட்டான். பழி ரிலே விற்ற கடைக்காரன் தலையில் விழுந்துவிட்டது. இந்த யோசனை வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அடுத்த மூச்சில் வேறொன்று நினைவுக்கு வந்தது. இதே மாதிரிப் பேனல் இன்னொன்று பால் குளிரூட்டும் நிலையத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதன் மேல் வரிசையும் அவள் கைபட்டதுதான். அங்கே நிற்கத் தொடங்கினால், முதலில் யார் பெயரைச் சொல்வார்கள்?

அத்தான் பெட்டியும் கையுமாக உள்ளே நுழைந்தார். நல்ல களிப்பில் இருந்தார். தம்பியின் முதுகில் தட்டினார், ஃபோர்மேனுக்கு வணக்கம் வைத்தார்.

"கடைக்காரன் காலை வாரிட்டான் சார். கவலைய விடுங்க. இந்தப் பெட்டியில இருக்கறது எங்க மச்சினி ஒவ்வொண்ணா பல்பு எரிச்சுப் பாத்து எடுத்து வச்சது. டேய், செருகுடா."

தம்பி பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டான்.

"செருகாத," என்றாள் அவள்.

"ஏன்க்கா?"

"செருகாதன்னா செருகாத." அத்தானைப் பார்த்தாள். "அத்தான், கொஞ்சம் இப்படி வாங்க."

சோப்பு அட்டைப்பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வேகவேகமாக, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரள. அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

"மெதுவாப் பேசு," என்றார் முதலில். பிறகு, "நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"ரெண்டு முனையையும் பாத்தேன். கண்ணு இருக்கறவங்க யாரும் பாக்கலாம்."

"சரி. பிரிக்காத பெட்டியா வரவழைப்போம், மாத்துவோம், போயிட்டே இருப்போம். எதுக்கு வாயத் திறக்கணும்? கடைக்காரன் கெட்டுப்போன சரக்குக் குடுத்தான், அவ்வளவுதான்."

"பால் குளிரூட்டுற இடத்துக்குப் போனதுக்கு என்ன சொல்வீங்க?"

"அதுக்கும் அதேதான்."

"கடைக்காரன் சும்மா இருப்பானா? அவனும் தெறந்து பாப்பான். அப்புறம் பழி எங்க போகும்? 'லூசு முறுக்கினது'ன்னு நீங்களே ஆரம்பிப்பீங்க."

அத்தான் அதை மறுக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதக் கேளு. வயர் லூஸுன்னா ஒருத்தனோட போகும். பல்புன்னு சொன்னா பட்டறையே போகும். இத்தனை வருஷமா அதச் சொல்லித்தானே பேனல் வித்திருக்கேன்?"

அட்டைப்பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் தலை எட்டிப் பார்த்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ.

"வயர்னே சொல்லிடுங்க அத்தான்," என்றான். "எனக்குப் பழகிடுச்சு. அக்காவுக்குப் பழக்கமில்ல. அவ தாங்க மாட்டா."

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். சாதாரணமாக, பேருந்தில் இடம் கொடுக்கிறவன் மாதிரி சொன்னான். அவளுக்குக் கண் கரித்தது. சோப்புத் தூள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"உன்ன யாரும் கேக்கல, வாய மூடு," என்று சொல்லிவிட்டு, இருவரையும் விலக்கிக்கொண்டு நேரே ஃபோர்மேனிடம் போனாள்.

"சார், சரக்கு நல்ல சரக்குதான். வயரும் நல்லா இருக்கு. கெடுத்தது நான்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். திறந்து வைத்திருந்த இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, நல்லா இருக்கான்னு பாத்துப் பாத்துக் கெடுத்திருக்கீங்க."

"ஆமா."

"எங்க அம்மாவும் அப்படித்தான்," என்றாள் சோப்பு அடுக்கும் பெண். "வெந்துச்சா வெந்துச்சான்னு எடுத்துப் பாத்தே பாதிப் பானையக் காலி பண்ணிடுவா."

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "இன்னிக்குள்ள வரிசை ஓடணும். எது நல்லதோ அதக் கொண்டாந்து போடுங்க. உங்க முதலாளிகிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன்," என்றார். தனியா என்ற சொல்லில் அத்தானின் தோள்கள் சற்றே இறங்கின.

அக்கா கடையிலிருந்து நேராக அனுப்பிவைத்த பெட்டி பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. தம்பி ஒவ்வோர் உறையாகக் கிழித்து, நம்பரின் வாலை இரண்டுமுறை படித்துவிட்டுச் செருகினான். அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கையைக் கட்டினாள், அவிழ்த்தாள். சோதிக்காத ரிலே ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்க்க, பிள்ளையைத் தனியாகச் சாலை கடக்க விட்டதுபோல இருந்தது. கணினியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வரிசை ஓடியது. அவர்கள் கிளம்பும்வரை நிற்கவில்லை. அவள் வாசல்வரை போய், திரும்பி வந்து, ஒருதடவை பார்த்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது அத்தானே வேனை ஓட்டினார். தம்பி பின்இருக்கையில் கருவிப்பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான்.

"அத்தான், திங்கக்கிழமை அவன் வரலாமா?"

"அவன் வராம பால்காரன் பேனலப் பிரிக்கறது யாரு, நானா?" அத்தான் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, "உன்னத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. பல்பத் தூக்கிப் போடுன்னு சொன்னா நீ என்னத்தப் பாத்துச் சரின்னு சொல்வ? பாக்காம அனுப்புன்னும் எனக்குச் சொல்ல வாய் வரல," என்றார்.

அவளுக்கும் தெரியவில்லை. பொடி சேதிக்குப் பொடியாகவே ஏதாவது வைத்துப் பார்க்க வேண்டும். என்னவென்று இனிமேல்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டிசைன் போட்டவரிடம் போய் நிற்க வேண்டும். பட்டறையில் ஆளாளுக்கு என்ன பேசுவார்கள் என்று நினைத்தபோது வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது.

"அந்தப் பால்காரன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் அத்தான், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல.

"போனக் குடுங்க. நானே சொல்றேன்."

அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. அவள் ஒரு கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரோ எடுத்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலே, "யாரு?" என்று கத்தினார்கள்.

"பேனல் பட்டறையிலேருந்து பேசுறேங்க," என்று அவளும் கத்தினாள். "உங்க பேனலச் சோதிச்சு அனுப்பினது நான்தான். மேல் வரிசை ரிலே எல்லாத்தையும் மாத்தணும். காலையில நாங்க வர்ற வரைக்கும், நின்னுச்சுன்னா யாரையும் திட்டாதீங்க."

தம்பி தூக்கத்தில் புரண்டு படுத்தான். அந்தப் பக்கத்துக்காரர் ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்கினார். அவள் முதலிலிருந்து சொன்னாள்.